உரோமம் உதிராத நாயும் ஓயாத தும்மலும்

டோர்ட்முண்ட் நகரிலே மூன்றாம் மாடி வீடொன்றில் வாழும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்குக் கடந்த ஆண்டு புரட்டாதி மாதத்தில் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் ஒரே மகன், பத்து வயது. ஆறாவது வயது தொடக்கம் அவனுக்குத் தொய்வு உண்டு. பனிக்காலம் வந்தால் நெஞ்சு இழுக்கும். இளவேனிலில் மரங்கள் பூத்தால் கண் சிவந்து மூக்கு ஒழுகும். இப்படிப்பட்ட பிள்ளைதான் நாய் வேண்டும், நாய் வேண்டும் என்று மூன்று வருடங்களாக அழுதுகொண்டிருந்தான். தாயும் தகப்பனும் உன் நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லித் தடுத்து வந்தார்கள்.

அந்தத் தடையை உடைத்தது ஒரு விளம்பரம். பூடிலையும் லாப்ரடோரையும் இணைத்துப் பெற்ற ‘லாப்ரடூடில்’ என்னும் கலப்பு நாய் உரோமம் உதிர்க்காது, ஆகவே அலர்ஜி உள்ளவர்களுக்கு உகந்தது என்று அதில் எழுதியிருந்தது. அந்த ‘ஆகவே’ என்ற ஒரு சொல்லுக்காகத் தகப்பன் ஈராயிரம் யூரோவுக்கு மேல் எண்ணிக் கொடுத்தார்.

குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிய அன்று மாலை, அவர் அதன் முதுகைக் கையால் இரண்டு மூன்று தரம் தடவி, வெறுங்கையை விரித்து எல்லோருக்கும் காட்டினார். ஒரு மயிர்கூட ஒட்டவில்லை. சாமித்தட்டுக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மம்மா திரும்பிப் பார்த்தார்.

“மயிர் கொட்டாது, சரி. நக்காதோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் குட்டி பையனின் கன்னத்தை நக்கிக்கொண்டுதான் இருந்தது. சுருள் சுருளான உரோமத்தைக் கண்டு ‘சுருளி’ என்று அவன் அதற்குப் பெயரும் வைத்துவிட்டான்.

அம்மம்மா கேட்டது சிரிக்க வேண்டிய கேள்வியல்ல. இந்தத் துறையில் உழைத்த ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் தூசி சேகரித்து, எடுத்து, அளந்து வந்து நின்ற இடத்தில்தான் அவரும் நின்றார். அதற்கு முன்னர், உதிராத உரோமத்துக்கும் வராத தும்மலுக்கும் முடிச்சுப் போட்டது யார் என்பதை அறிந்துகொள்வது நல்லது. அது ஒரு நல்ல மனிதரின் நல்ல நோக்கத்தில் தொடங்கிய கதை.

அவுஸ்திரேலியாவில் கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் அரச சங்கம் ஒன்று உண்டு. அங்கே குட்டி வளர்ப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் வாலி கொன்ரன். 1980களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவிலிருந்து பார்வையற்ற பெண் ஒருவர் அவருக்கு எழுதினார். தமக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் தம் கணவருக்கு நாய் ஒத்துக்கொள்ளாது, என்ன செய்யலாம் என்பது அவருடைய கேள்வி. பூடில் உரோமம் உதிர்ப்பதில்லை, எனவே அதைப் பழக்கினால் என்ன என்று கொன்ரன் நினைத்தார். மூன்று வருடங்களில் 33 பூடில்களைப் பரீட்சித்துப் பார்த்தார். ஒன்றும் அந்த வேலைக்குத் தேறவில்லை. கடைசியில், வேலைக்குத் தேர்ந்த லாப்ரடோர்ப் பெட்டை ஒன்றைப் பூடிலோடு இணைத்தார். 1989இல் மூன்று குட்டிகள் பிறந்தன.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். மூன்று குட்டிகளின் உரோமத்தையும் உமிழ்நீரையும் எடுத்து ஹவாய்க்கு அனுப்பினார். கணவருக்கு அவற்றுள் ஒன்று மட்டுமே ஒத்துக்கொண்டது. மற்ற இரண்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தாய் ஒன்று, தந்தை ஒன்று, ஒரே வயிற்றில் பிறந்த மூன்று. ஒத்துக்கொண்ட குட்டிக்குச் சுல்தான் என்று பெயர். அது ஹவாய்க்குப் போய் அந்தப் பெண்ணுக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியது.

தொடக்கத்தில் அந்தக் குட்டிகளை வளர்க்க எவரும் முன்வரவில்லை. கலப்பு நாய் வேண்டாம், காத்திருந்தாலும் நல்ல சாதி நாய்தான் வேண்டும் என்றார்கள். (சாதி பார்ப்பது தமிழரோடு நின்ற பழக்கமல்ல.) கொன்ரன் ஒரு தந்திரம் செய்தார். கலப்பு என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘லாப்ரடூடில்’ என்னும் புதுவகை நாயை உருவாக்கியிருக்கிறோம் என்று செய்தி கொடுத்தார். நாய் அதே நாய்தான், பெயர்தான் புதிது. அதன் பின் தொலைபேசி ஓயவில்லை. கண்ட கண்டவர்களெல்லாம் பூடிலைக் கண்ட கண்ட நாயோடு இணைத்து விற்கத் தொடங்கினார்கள். கோல்டன்டூடில், மால்ட்டிப்பூ என்று பெயர்கள் பெருகின. தாம் ஒரு பூதத்தைக் கிளப்பிவிட்டதாக 2019இல் அவுஸ்திரேலிய வானொலி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில் கொன்ரன் மனம் வருந்திப் பேசினார். மூன்றில் ஒன்றுதான் ஒத்துக்கொண்டது என்ற செய்தி விளம்பரங்களில் ஏறவேயில்லை. உரோமம் உதிராது என்பது மட்டும் உலகம் சுற்றி டோர்ட்முண்ட் வரை வந்துவிட்டது.

பூடிலைப் பற்றியும் ஓரிரு வார்த்தை சொல்ல வேண்டும். இதைப் பிரான்ஸ் தேசத்து நாய் என்று பலரும் எண்ணுவர். நாய்ச் சங்கங்களின் உலகப் பட்டியலிலும் பிரான்சின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் பெயர் ஜேர்மன் மொழியிலிருந்து வந்தது. தண்ணீரில் சளசளவென்று அளைவதைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லிலிருந்து ‘பூடெல்’ பிறந்தது. வேட்டைக்காரன் சுட்டு விழுத்திய வாத்தைக் குளத்தில் நீந்திப் போய்க் கவ்வி வருவதுதான் அதன் பழைய தொழில். நீந்துவதற்கு வசதியாகப் பின்னுடம்பை மழித்து, குளிர் பிடிக்காதபடி நெஞ்சிலும் மூட்டுகளிலும் உரோமத்தை விட்டுவைத்தார்கள். இன்று சீமாட்டிகளின் அலங்காரம் போலத் தெரியும் அந்த வெட்டு ஒரு வேலைக்காரனின் உடுப்பாக இருந்தது.

1808இல் வெளிவந்த கேத்தேயின் ‘பவுஸ்ட்’ நாடகத்தில் சாத்தான் கறுத்தப் பூடில் வடிவத்தில்தான் வீட்டுக்குள் நுழைகிறான். ஒரு விஷயத்தின் உள்ளே மறைந்திருக்கும் உண்மைப் பொருளைப் ‘பூடிலின் கரு’ என்று ஜேர்மன்காரர் இன்றும் சொல்வது அதனால்தான். பிராங்பேர்ட் நகரில் 1860இல் மறைந்த தத்துவஞானி சோப்பன்ஹவரின் பூடில்களோ தமிழருக்கு இன்னும் நெருக்கமானவை. இளவரசர் தாரா ஷூக்கோ 1657இல் பாரசீகத்தில் பெயர்ப்பித்த உபநிடதங்கள் 1801, 1802ஆம் ஆண்டுகளில் இலத்தீனில் வந்தன. அந்த நூலைத் தம் வாழ்நாள் துணையாகக் கொண்டவர் அவர். தனிமனிதராக வாழ்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பூடில்களை வளர்த்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘ஆத்மா’. ஒரு பூடில் இறந்து அடுத்தது வந்தாலும் அதே பெயர்தான். ஆத்மாவுக்கு அழிவில்லை என்பதை இவ்வளவு இலகுவாக வேறெவரும் விளக்கியதில்லை! அவருக்குத் தும்மல் வந்ததாக யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி, தும்மலின் கரு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

நாயின் உரோமம் என்பது நகம் போல ஒரு காய்ந்த பொருள். தும்மலை உண்டாக்குவது அதுவல்ல, நாயின் உடம்பு சுரக்கும் சில புரதங்கள். இவற்றில் தலையாயதற்கு ஆராய்ச்சியாளர் ‘கான் எஃப் 1’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். இது நாயின் நாக்கிலும் உமிழ்நீரிலும் தோலிலும் உண்டாகிறது. நாய் தன்னைத் தானே நக்கும்போது உமிழ்நீர் உரோமமெங்கும் பூசப்படுகிறது. அது காய்ந்து, தோலிலிருந்து உதிரும் பொருக்கோடு சேர்ந்து தூசியாகிறது. அந்தத் தூசியின் ஒரு பகுதி மில்லிமீற்றரை இருநூறாகப் பிரித்தால் வரும் பங்கிலும் சிறியது. அது நிலத்தில் விழாமல் காற்றில் நெடுநேரம் மிதக்கும். மூக்கில் தங்காமல் மூச்சுக்குழாயின் சிறு கிளைவரை போகும். உதிர்ந்த மயிரைக் கண் காணும், கூட்டி அள்ளிவிடலாம். இதைக் கண் காணாது. உரோமம் உதிரும் நாயிடம் இந்தப் புரதமும் உதிரும் உரோமத்தில் ஏறிப் பயணம் செய்யும் என்பது உண்மைதான். உதிராத நாயிடம் அது வேறு வாகனத்தில் வருகிறது.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டிட்ரோயிட் நகரில் 173 வீடுகளின் தூசியை எடுத்துச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அலர்ஜிக்கு உகந்தவை என்று பெயரெடுத்த நாய்கள் வாழ்ந்த வீடுகளிலும் மற்ற நாய்கள் வாழ்ந்த வீடுகளிலும் கான் எஃப் 1 அளவில் வேறுபாடு காணப்படவில்லை. மறுவருடம், 2012இல், அயல்நாடான நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் சங்கடமானது. முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களின் உரோமத்தைச் சோதித்ததில், பூடிலும் லாப்ரடூடிலும் அடங்கிய ‘உகந்த’ கூட்டத்தின் உரோமத்திலேயே அந்தப் புரதம் கூடுதலாக இருந்தது. விட்டுக்கொடுக்காமல் ஒன்றையும் சொல்ல வேண்டும்: லாப்ரடூடில் இருந்த வீடுகளில் நிலத்துத் தூசியில் அது சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் காற்றில் வேறுபாடு இல்லை. மனிதன் மூச்சு விடுவது காற்றில்தானே. இன்னொன்றும் தெரிந்தது. ஓர் இனத்துக்கும் மற்ற இனத்துக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தைவிட, ஒரே இனத்து நாய்களுக்கிடையே இருந்த வித்தியாசம் பெரிது. கொன்ரனின் மூன்று குட்டிகள் அன்றே சொன்னதும் இதுதான்.

உரோமம் உதிராது என்ற வாக்குறுதியாவது நிலையானதா என்றால், அதுவும் பாதி. நாயின் உரோம வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் கண்டறிந்தார்கள். ஒன்று மீசை, தாடி, புருவம் வளர்வதற்கு, ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு. மீசையும் தாடியும் உள்ள நாய்களே பொதுவாகக் குறைவாக உதிர்ப்பவை. பூடிலுக்கு அந்த மரபணு இரட்டையாக உண்டு, லாப்ரடோருக்கு இல்லை. முதற் கலப்பில் பிறப்பவற்றுக்கு ஒன்று ஒன்று கிடைக்கும். எனவே சில குட்டிகள் கொஞ்சம் உதிர்க்கும், சில உதிர்க்காது. அப்படிப்பட்ட இரண்டு கலப்பு நாய்களை மறுபடி இணைத்தாலோ, கணக்குப்படி நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு அடியோடு இல்லாமல் போகும். அது லாப்ரடோரைப் போலவே வீடெங்கும் மயிரை இறைக்கும். மேலும், குட்டியின் மெல்லிய உரோமம் மாறி முதிர்ந்த உரோமம் வருவது பல மாதங்கள் கழித்துத்தான். எட்டு வாரக் குட்டியின் முதுகைத் தடவி வெறுங்கை காட்டுவது மாமரக் கன்றின் இலையை முகர்ந்து பழம் இனிக்கும் என்று சொல்வது போன்றது.

உதிராத உரோமத்தால் நாய்க்கு வரும் தொல்லையை விற்பவர்கள் சொல்வதேயில்லை. விழ வேண்டிய மயிர் சுருளுக்குள் சிக்கி, சடைபிடித்து, கம்பளி போலாகித் தோலை இழுக்கும். அதற்குக் கீழே ஈரம் நின்று புண் வரும். நாள்தோறும் சீப்பால் வார வேண்டும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். டோர்ட்முண்ட் வீட்டில் அந்த வேலை யாருடைய தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. மாலைவேளைகளில் வேலைக்குப் போகும் தாய், காலையில் குசினி அலுவலை முடித்து, நாயின் சடையோடு மல்லுக்கு நின்றார்.

ஆனாலும் முதல் ஐந்து கிழமை அந்த வீட்டில் சந்தோஷம்தான். பையன் கணினித் திரையை விட்டு எழும்பினான். இரண்டு நேரமும் வெளியே போனான். முன்பு தலையைக் குனிந்து கடந்துபோன அயலவர்கள் நின்று நாயின் பெயரைக் கேட்டார்கள். இந்த நாட்டில் பத்து வருடம் பேசாத அயலவரையும் ஒரு நாய்க்குட்டி பேச வைத்துவிடும். ‘சுருளி’ என்ற பெயரை ஜேர்மன் நாக்கு படாத பாடுபட்டுச் சொன்னபோது பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. இரவில் குட்டி அவன் கட்டிலின் கீழே, கம்பளி விரிப்பில் படுத்தது. சில நாட்களில் கட்டிலின் மேலேயும் படுத்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இங்கேதான் ஊருக்கும் ஜேர்மனிக்கும் உள்ள பெரிய வித்தியாசம். யாழ்ப்பாணத்து நாய் வளவில் வாழ்ந்தது, படலையடியில் குரைத்தது, மழை என்றால் விறாந்தை மூலையில் ஒதுங்கியது. வீட்டுக்குள் கால் வைத்தால் விளக்குமாறு பறக்கும். வெட்டவெளியில் காற்றோடு போன தூசி, இங்கே இரட்டைக் கண்ணாடி யன்னல் பூட்டிய அறையில், வெப்பமூட்டிக்கு மேலே, கம்பளியிலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் படிந்து கிடக்கிறது. ஊரில் நாயோடுதானே வளர்ந்தோம், ஒன்றும் வரவில்லையே என்று தகப்பன் வாதாடியபோது, அவர் நாயோடு வளர்ந்தவரல்லர், நாய்க்குப் பக்கத்தில் வளர்ந்தவர் என்பதை மறந்துவிட்டார்.

கார்த்திகை தொடங்கியதும் இரவில் இருமல் வந்தது. தடிமன் என்றார்கள். ஊதல் மருந்தை இரண்டு தடவைக்குப் பதில் நாலு தடவை இழுத்தான். பையன் தன் மூச்சிரைப்பை மறைத்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. தலையணையில் முகம் புதைத்து இருமியிருக்கிறான். சொன்னால் நாயைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். ஒரு சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குத் தாய் எழுந்து பார்த்தபோது, பிள்ளை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க, பேச முடியாமல் இருந்தான். உதடு மங்கியிருந்தது. நாய் அவன் மடியில் தலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நோயாளர் வண்டி வந்தது. இரண்டு இரவு வைத்தியசாலையில் கழிந்தது.

இரத்தப் பரிசோதனையில் எந்தப் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் வசதி இப்போது உண்டு. சிலருக்குக் கான் எஃப் 5 என்னும் புரதம் மட்டுமே பகையாக இருக்கும். அது ஆண் நாயின் சுரப்பியிலிருந்து வருவது. அப்படிப்பட்டவர் பெட்டை நாயோடு நிம்மதியாக வாழ்ந்துவிடலாம். சுருளி பெட்டை என்பதால் தாய்க்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. முடிவு வந்தது. பையனுக்குப் பகை கான் எஃப் 1. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலச் சுரப்பது.

தகப்பன் விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் அமைதியாக, உரோமம் உதிர்ந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். அப்படியானால் நான் எழுதியது பொய்யில்லையே என்று அவர் சொல்லி வைத்துவிட்டார். பொய்யில்லைதான்.

பிறகு பார்க்கக்கூடிய வழிகளையெல்லாம் பார்த்தார்கள். நாயைக் குளிப்பாட்டினால் புரதம் குறையும். ஆனால் சில நாட்களிலேயே பழைய அளவுக்கு வந்துவிடுவதால் கிழமைக்கு இரண்டு தரமாவது குளிப்பாட்ட வேண்டும். படுக்கையறைக் கதவை நாய்க்கு மூடிவைக்கலாம். கம்பளியைச் சுருட்டிவிடலாம். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாம். இவையெல்லாம் இலேசான தும்மல்காரருக்கு உதவும். மூச்சு அடைத்து வைத்தியசாலைக்குப் போய்வந்த பிள்ளைக்குப் போதாது. நாய் அலர்ஜிக்கான ஊசிச் சிகிச்சை, மகரந்தத்துக்கும் தூசிப்பூச்சிக்கும் பலன் தருவதுபோல நிச்சயமான பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை. நாயோடு வளரும் பிள்ளைக்குத் தொய்வு வராதாமே என்று தகப்பன் ஒரு செய்தியை எடுத்துக் காட்டினார். 2015இல் சுவீடனில் இலட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துச் செய்த கணக்கு அது. முதல் வயதில் வீட்டில் நாய் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் தொய்வு 13 வீதம் குறைவாகக் காணப்பட்டது. அது கைக்குழந்தைகளைப் பற்றிய சேதி. வீடு எரியும்போது கிணறு வெட்டலாம் என்று அது சொல்லவில்லை.

இந்தக் குடும்பம் செய்யத் தவறியது பெரிய காரியமொன்றல்ல. குட்டியை வாங்குமுன், அதன் தாயும் தந்தையும் இருக்கும் வீட்டில் பிள்ளையை ஒரு தரமல்ல, மூன்று நான்கு தரம், ஒவ்வொரு தரமும் சில மணி நேரம், கதவு பூட்டிய அறையில் இருக்க விட்டிருக்கலாம். அந்த நாய்கள் படுத்த துணியொன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் பார்த்திருக்கலாம். கொன்ரன் கடல் கடந்து உமிழ்நீர் அனுப்பிச் செய்த சோதனையை, முக்கால் மணி நேரம் காரோட்டிப் போய்ச் செய்ய இவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. குட்டிகள் முடிந்துவிடும், உடனே முற்பணம் கட்டுங்கள் என்று அவசரப்படுத்தியதும் ஒரு காரணம். ஜேர்மன் சட்டப்படி எட்டு வாரம் கழியுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. அந்த எட்டு வாரமும் பிள்ளையின் மூச்சைப் பார்ப்பதற்குக் கிடைக்கும் தவணை என்று எண்ணியிருந்தால் போதும். கடைசியில் எல்லாத் தண்டனையும் பிள்ளைக்கும் நாய்க்குமே வந்தது. இருவரில் ஒருவரும் அந்த விளம்பரத்தை வாசிக்கவில்லை.

நாயை விலங்குகள் இல்லத்தில் விடப்போவதாகத் தகப்பன் சொன்ன அன்று பையன் சாப்பிடவில்லை. அடுத்த நாள் அம்மம்மாதான் ஒரு தட்டில் நாலு வடையை எடுத்துக்கொண்டு, தெரிந்த பத்து ஜேர்மன் சொற்களோடு, கீழ்மாடிக்கு இறங்கினார். அங்கே தனியே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், குட்டி வந்த நாளிலிருந்து படியில் நின்று அதைக் கொஞ்சுபவர். என்ன பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. வடைத்தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. மாலையில் சுருளியின் கூடை கீழே போனது. நகரசபைக்குக் கட்டும் நாய் வரியும் அந்த அம்மையாரின் பெயருக்கு மாறியது.

மேல்வீட்டில் கம்பளி போனது, திரைச்சீலைகள் தோய்க்கப்பட்டன, மெத்தைக்கு உறை போட்டார்கள். அப்படியிருந்தும் தூசியில் கலந்த புரதம் அடங்க மாதக்கணக்கானது. தை பிறந்த பிறகுதான் பையன் இருமாமல் விடியும்வரை தூங்கினான்.

இப்போது நாள்தோறும் பள்ளி விட்டு வந்ததும், நாய்க்கென்று வைத்திருக்கும் பழைய மேற்சட்டையைக் கீழ்மாடிக் கதவடியிலேயே போட்டுக்கொண்டு, ஊதல் மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு, சுருளியை வெளியே கூட்டிப் போகிறான். அந்த ஆசிரியையை ‘ஓமா’ என்று கூப்பிடுகிறான். திரும்பி வந்தால் சட்டையைக் கீழேயே கழற்றிவிட்டுத்தான் படியேற வேண்டும். மேலே கதவைத் திறப்பவர் அம்மம்மா.

“முகத்தை நக்கினதோ?”

“இல்லை, அம்மம்மா.”

அவர் நம்புவதில்லை. குளியலறையைக் கையால் காட்டுகிறார்.